ஒரே மூட்டையில் தின்றவை

சுட்டி அன்றும் சாக்கடையைத் தாண்டவில்லை.

தொழுவத்துக்கும் கறவைக் கொட்டகைக்கும் நடுவே ஓடுகிற சாக்கடை அது. இரண்டு சாண் அகலம்கூட இருக்காது, மேலே கம்பி போட்டு மூடியிருந்தது. மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை அதைத் தாண்டிப் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிற மாடு. இப்போது அதன் விளிம்பில் நின்று, தலையைத் தாழ்த்தி, பாழுங்கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"வாடி. ஒண்ணுமில்ல, வா" என்று அவள் அதன் விலாவில் கையை வைத்தாள். கை பட்ட இடம் சிலிர்த்துத் துடித்தது. அந்த நேரம் பார்த்து மழைக்காற்றில் பால் கேனின் மூடி உருண்டு விழுந்தது. சுட்டி துள்ளிய துள்ளலில் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்துபோய், நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க மூன்று தடவை முயன்று நான்காவதில் எழுந்தது. எழுந்தபின்பும் பின்னங்கால்களைத் தேவைக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்தது, சேற்றில் நடக்கிற மாதிரி. தரை காய்ந்த சிமெண்ட் தரை.

நெற்றியில் அகல் அளவுக்கு வெள்ளைச் சுட்டி இருந்ததால் சுட்டி. அதற்கு ஐந்தரை வயது. தீனியில் குறை வைக்கவில்லை, ஆனாலும் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது.

வாசல் நிலையில் சாய்ந்து மேஸ்திரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவர். கட்டட மேஸ்திரியாக இருந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின், கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தத் தொழுவத்தைத் தன் கையாலேயே கட்டியவர். ஒன்பது மாடுகள். மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

"ரெண்டு நாள் ஆச்சு" என்றாள் அவள்.

"ம்."

"டாக்டரம்மாவுக்கு போன் போடணும்."

"போடலாம். நீ முதல்ல பாலைக் கொண்டு போ. நீ போய் நிக்கலன்னா சொசைட்டியில கடிகாரத்தையே சந்தேகப்படுவாங்க."

பால் சொசைட்டி வாசலில் அவள் வண்டி சரியாக ஏழரைக்குப் போய் நிற்கும். அதனால் அங்கே அவளுக்கு 'ஏழரை' என்றே பெயர். 'ஏழரை வந்தாச்சு, இனிமே நாள் நல்லாத்தான் இருக்கும்' என்று அளவுக்காரர் தினமும் சொல்வார், தினமும் அவரே சிரித்துக்கொள்வார். மேஸ்திரி அதை வைத்துக் கேலி பேசி நாளாகியிருந்தது. பரவாயில்லையே, மனுஷனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கேன்களை வண்டியில் ஏற்றினாள்.

இரண்டு நாளைக்கு முன்னால் மாட்டு டாக்டரம்மா வந்திருந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், சுட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று கையைத் தட்டினார். மாடு அரண்டது. ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் அதே அரளல். பழகவே இல்லை.

"சுண்ணாம்புச் சத்துக் குறைஞ்சாலும் இப்படி வரும். ஊசி போட்டிருக்கேன்" என்றார். "ரெண்டு நாள்ல சரியாகலன்னா நான் வேற ஒண்ணை யோசிக்கணும். அதுவரைக்கும் இந்த மாடு இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. விக்காதீங்க. அறுக்கக் குடுக்காதீங்க. செத்துப் போனாலும் புதைக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

"வேற ஒண்ணுன்னா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா சொல்லத் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், "மூளையில வர்ற நோய். மாட்டுப் பைத்தியம்னு பேப்பர்ல போடுவாங்களே, அது" என்றார். "அதுதான்னு நான் சொல்லல. சந்தேகம்தான். அதுதான்னு ஆனா, கன்னா இருக்கும்போது இதுகூடத் தீனி தின்ன மாட்டையெல்லாம் எடுத்துடணும். அந்த மூளையும் முதுகுத்தண்டும் மனுஷன் வயித்துக்குள்ள போகவே கூடாது. வேக வெச்சாலும் போகாது அது. கொதிக்க வெச்சாலும் போகாது."

மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்காததுபோல இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

*

ஒன்பது மணிக்கு அவள் திரும்பி வந்தபோது தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தொழுவத்தில் சுட்டியின் இடம் காலியாக இருந்தது. மேஸ்திரி தண்ணீர்த் தொட்டியின் விரிசலுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். மழையில் யாராவது சிமெண்ட் பூசுவார்களா?

"சுட்டி எங்க?"

கரண்டி நிற்கவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"தரகர் வந்தார்."

"வந்து?"

"கொண்டு போயிட்டார்."

அவள் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள். "டாக்டரம்மா சொன்னப்போ காதுலயும் சிமெண்ட் பூசி வெச்சிருந்தீங்களா?"

"கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன். சந்தேகம்னாங்க. அந்தச் சந்தேகத்தைக் காகிதத்துல எழுதினா என்ன ஆகும்னும் அவங்களேதான் சொன்னாங்க. சுட்டி ஒண்ணு இல்ல, கூட வளர்ந்ததெல்லாம் போகும். போனா? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் மறுபடி சாரத்துல ஏறவா? இல்ல, நீ ஏறப்போறியா?"

"எந்தக் கூடத்துக்குக் கொண்டு போனார்?"

அவர் பலகையில் ஒட்டியிருந்த சிமெண்டை வழித்தார்.

"எந்தக் கசாப்புக்கூடத்துக்குன்னு கேட்டேன்."

"இங்க என்ன பத்தா இருக்கு? ஒண்ணுதானே இருக்கு."

அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அங்க என் தம்பி இருக்கான்."

"ஒரு நாளைக்கு நாப்பது மாடு பாக்கறவன் அவன். அதுல இதுவும் ஒண்ணு."

"அவன் எதை அறுக்கறான்னு தெரியுமில்ல? நடு முதுகெலும்பை. மேலேர்ந்து கீழ வரைக்கும் ரெண்டாப் பிளக்கறான். ரம்பத்துலேர்ந்து அவ்வளவும் மூஞ்சியிலதான் தெறிக்கும். அவனே எத்தனை தடவை சொல்லியிருக்கான், கண்ணாடி போட்டா ஆவி படிஞ்சுடுது அக்கா, கழட்டிட்டுத்தான் செய்யறேன்னு. வாராவாரம் வீட்டுக்கு மூளை வேற கொண்டு போறான். குழந்தைங்களுக்குப் படிப்பு வரும்னு அவன் பொண்டாட்டி பொரிச்சுப் போடறா."

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "அதை நான் யோசிக்கல" என்றார்.

அவள் தம்பிக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்தேதான் மூன்று தடவை போட்டாள். பிறகு டாக்டரம்மாவுக்குப் போட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"நான் கிளம்பிட்டேன். ஆனா வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் கூடத்து ஆபீசுக்கும் போன் போடறேன், எடுப்பாங்களோ என்னவோ. நீங்க பக்கத்துல இருக்கீங்க. போங்க. தலை வெளிய போகக் கூடாது. முதுகெலும்பை அறுக்கக் கூடாது. என் பேரைச் சொல்லி நிறுத்துங்க."

சொசைட்டியின் பால் லாரி அந்த வழியாகத்தான் நகரத்துக்குப் போகும். அவள் சாலை நடுவில் நின்று கையைக் காட்டினாள். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "என்ன ஏழரை, சாவறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்றார். முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

கண்ணாடி துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் வளைவுகளில்கூட வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரமே மேஸ்திரி தரகரைப் பற்றிப் பேச்செடுத்தார். 'சும்மா விலை கேட்டு வெச்சுக்கலாம்' என்றார். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா வந்து போனபின்பாவது சொல்லியிருக்கலாம். இன்று காலையில் அந்தக் கேலிப் பேச்சு வந்தபோதாவது இந்த மனுஷன் தன்னை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார் என்று உறைத்திருக்கலாம்.

*

கூடத்தின் வாசலில் காவல்காரர் மறித்தார். "யாரைப் பார்க்கணும்? சாயங்காலம் வாங்க."

"ரம்பத்துல இருக்கறது என் தம்பி. அவனுக்கு உடம்பு சரியில்ல."

"அவனா? இப்பத்தான் இங்க நின்னு டீ குடிச்சுட்டு என் காதை அறுத்துட்டுப் போனான். நல்லாத்தானே இருந்தான்."

"இனிமே சரியில்லாம போயிடும். தள்ளுங்க."

தள்ளிக்கொண்டே உள்ளே போனாள்.

ரம்ப வேலை பார்ப்பதால் மட்டும் தம்பிக்கு 'ரம்பம்' என்று பேர் வரவில்லை. வாயைத் திறந்தால் மூட மாட்டான். பந்து விளையாட்டிலிருந்து பல்வலி வரைக்கும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. ரம்பம் ஓடும்போதும் பேசிக்கொண்டேதான் இருப்பான், யார் காதிலும் விழாது என்றாலும். அக்காமீது உயிர். மாமா சாரத்திலிருந்து விழுந்தபோது நாற்பது நாள் அவரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோய் வந்தவன் அவன்தான்.

உள்ளே ஆவியும் இரைச்சலுமாக இருந்தது. தலைக்கு மேலே தண்டவாளத்தில் கொக்கிகள் நகர்ந்துகொண்டிருந்தன. தோலுரித்த உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தலையில்லாமல், தோலில்லாமல் தொங்கும்போது எது சுட்டி, எது யார் வீட்டு மாடு என்று பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. சுவரோரம் தலைகள் வரிசையாக மாட்டியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் சீட்டு. நான்காவது தலையில் அகல் அளவுக்கு வெள்ளை. சீட்டில் பதினேழு.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது இரண்டும் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்து தொங்கின. அவற்றுக்கும் முன்னால், மறுகோடிக்குப் போய்விட்டது பதினேழு.

தம்பி மேடையின் மேல் நின்று இருபதாவதில் ரம்பத்தை வைத்திருந்தான். கண்ணாடி கழுத்தில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அக்கா? நீ எங்க இங்க? செருப்போடவா வந்தே, வழுக்கும் அக்கா. மாமாவுக்கு ஏதாவது ஆச்சா? சொல்லு, ஏன் இப்படிப் பார்க்கறே?"

அவன் கன்னத்திலும் மூக்கிலும் உதட்டோரத்திலும் பொடிப்பொடியாகத் தெறித்திருந்தது, தினமும் தெறிப்பதுதான். அவள் மேடைமேல் ஏறித் தன் தோளில் கிடந்த துண்டால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"என்னக்கா பண்றே, எல்லாரும் பார்க்கறாங்க..."

"வாயை மூடு."

"என்ன ஆச்சுன்னு..."

"வாயை மூடுடா! பேசாதே. வாயைத் திறக்காதே. நாக்கால உதட்டைத் தொடாதே."

அவன் வாயை மூடினான். அவளுக்குத் தெரிந்து, சொன்னதும் அவன் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

சூபர்வைசர் கத்திக்கொண்டு வந்தார். அவள் கீழே இறங்கி வரிசையாக மாட்டியிருந்த தலைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். டாக்டரம்மா பெயரைச் சொன்னாள், நோயின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் கத்தியோடு நின்ற இரண்டு பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். சங்கிலி நின்றது. நின்றதும் வந்த அமைதியில் எங்கேயோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

*

டாக்டரம்மா வந்து தலையை இரட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். பதினேழிலிருந்து இருபது வரை, அதே ரம்பம் பட்ட நான்கையும் தனி அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். ரம்பத்தையும் பையில் போட்டுக் கட்டினார். "இதை இனிமே எரிக்கத்தான் வேணும்" என்றார். சூபர்வைசர் வெந்நீரில் கழுவிக்கொள்ளலாமே என்று இழுத்தார். "வெந்நீருக்குச் சாகறதுக்கு இது கிருமி இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "நம்ம உடம்புலயே இருக்கற ஒரு புரதம் கோணலா மடங்கிடுது. பக்கத்துல இருக்கறதையும் கோணலாக்குது. உயிர் இருந்தாத்தானே கொல்றதுக்கு?"

தம்பி தொட்டியடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். சோப்பில் பாதி கரைந்துவிட்டது. டாக்டரம்மா அவன் பக்கத்தில் போய் நின்றார். அவளும் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டரம்மா?"

"முதல்ல அந்த மாட்டுக்கு அதுதானான்னு தெரியணும். மூளையை அனுப்பி முடிவு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்."

"அதுதான்னா?"

"அதுதான்னாலும், மேல தெறிச்சதால மட்டும் ஒருத்தருக்கு வந்ததா நான் படிச்சதில்ல. கெட்ட மாட்டைச் சாப்பிட்டவங்களுக்குத்தான் வந்திருக்கு. அதுவும் சாப்பிட்டவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. வாயில போச்சா?"

"தெரியல. நான் பேசிக்கிட்டே இருப்பேனே."

டாக்டரம்மா அவன் உதட்டோரத்தைப் பார்த்தார்.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க. இப்பவே கையை நீட்டறேன்."

"நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடி சொல்ற டெஸ்ட் எதுவும் இல்ல தம்பி."

"அப்போ எப்பத்தான் தெரியும்?"

"தெரியாமலே போகலாம். அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

"வந்தா எத்தனை வருஷத்துல வரும்?"

"பத்து வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

அவன் குழாயை மூடினான். முகத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. "என் சின்னவளுக்கு இப்ப ஏழு வயசு" என்றான். "காலேஜ் முடிச்சிருப்பா." பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டான்: "அது எங்க இருந்து வந்த மாடு? யாருடையது?"

அவள் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

நான்கு மணிக்கு டாக்டரம்மா அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் படிவத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது.

"கன்னா இருந்தப்போ சுட்டிக்கு என்ன தீனி போட்டீங்க?"

"புல்லு, தவிடு, புண்ணாக்கு" என்றார் மேஸ்திரி.

"கடைத் தீவனம்?"

"இல்லையே."

"போட்டோம்" என்றாள் அவள்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"அந்த வருஷம் வேன்ல கொண்டுவந்து வித்தாங்க டாக்டரம்மா. கன்னு சீக்கிரம் தேறும்னு சொன்னாங்க. காப்பித்தூள் நிறத்துல இருந்துச்சு. கொம்பு தீயற மாதிரி ஒரு வாடை. மூட்டைமேல வெறும் 'புரதம்'னு போட்டிருந்துச்சு."

"எலும்பையும் இறைச்சிக் கழிவையும் அரைச்சது அது" என்றார் டாக்டரம்மா. "மாட்டையே அரைச்சு மாட்டுக்குப் போட்டிருக்காங்க. பல வருஷம் கழிச்சுத்தான் அதோட வேலையைக் காட்டும். எந்தெந்தக் கன்னு தின்னுச்சு?"

"ஒரே மூட்டைதான் வாங்கினோம்" என்று மேஸ்திரி அவசரமாகச் சொன்னார். "சுட்டிதான் அப்போ சவலையா இருந்துச்சு. அதுக்கு மட்டும்தான் போட்டோம்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். "உங்ககிட்ட எழுதி வெச்சது எதுவும் இல்ல. மாட்டு உடம்பைப் பார்த்து என்னால சொல்ல முடியாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் எழுத முடியும். யோசிச்சுச் சொல்லுங்க."

மேஸ்திரி மேசைக்கு அடியில் அவள் காலைத் தன் காலால் லேசாகத் தொட்டார். மிரட்டல் இல்லை அது. கல்யாணமான புதிதில் உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது இப்படித்தான் தொடுவார். அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. எழுந்துகொண்டாள்.

"வாங்க, காட்டறேன்."

தொழுவத்தில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவள் வரிசையின் முதலிலிருந்து நடந்தாள். "அந்த வருஷம் நாலு கன்னு. நான்தான் ஊட்டினேன். தூளைத் தண்ணியில கரைச்சு என் விரல்ல தடவி வாயில வெப்பேன். விரலைச் சப்பிக்கிட்டே தின்னும்." கொம்பில்லாத மாட்டின் முதுகில் கையை வைத்தாள். "இது மோழை. எழுதிக்குங்க." இரண்டு மாடு தள்ளிப் போய், "இது கருங்காது" என்றாள்.

கடைசியில் நின்றது சீமாட்டி. தொழுவத்திலேயே அதிகம் கறப்பது. தான் தின்று முடிக்கும் வரை யாரையும் பக்கத்தில் விடாது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எல்லாரையும் அளப்பதுபோல் பார்க்கும். இருண்டு கிடந்த அந்த வீட்டில், விபத்துக்குப்பின் மேஸ்திரி மறுபடியும் வாய்விட்டுச் சிரித்ததே அதன் முதல் கறவை நாளன்றுதான். அவர் இப்போது அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டார்.

"இது வெளியில வாங்கினது" என்றார் டாக்டரம்மாவிடம். "இது இங்க பிறக்கல."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

அவளுக்குத் தம்பியின் ஈர முகம் நினைவுக்கு வந்தது. நான் பேசிக்கிட்டே இருப்பேனே என்று அவன் சொன்ன விதம்.

"அது இங்கதான் பிறந்தது டாக்டரம்மா" என்றாள். "சுட்டிக்குப் பதினோரு நாள் மூத்தது. அதுதான் எல்லாத்தையும்விட அதிகமாத் தின்னுச்சு."

*

முடிவு பதினாறாம் நாள் வந்தது. அதுதான் என்று வந்தது.

அந்தப் பதினாறு நாளும் சொசைட்டி அவர்கள் பாலை எடுக்கவில்லை. பாலில் இந்த நோய் பரவியதாகத் தெரியவில்லை என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்தார். அளவுக்காரர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார், தலையை ஆட்டினார், பாலை வாங்கவில்லை. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்து கறந்து குழியில் ஊற்றினாள்.

கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியது இருந்தால் மாடுகளிடம் சொன்னார்கள். "மோழை, டீ ஆறுதுன்னு உன் முதலாளிகிட்டச் சொல்லு" என்பாள் அவள். "எனக்கு வேணாம்னு சொல்லு மோழை" என்பார் அவர். பிறகு வந்து குடிப்பார். நல்ல நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

தம்பி வரவில்லை. போனில் அவன் மனைவிதான் பேசினாள். "அண்ணி, அவர் தட்டு, டம்ளரை எல்லாம் தனியா வெச்சிருக்கார். அப்படியெல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லியும் கேக்க மாட்டேங்கறார். குழந்தைங்க முத்தம் குடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறார். வேலையில தோல் பக்கமா மாத்திக் குடுத்துட்டாங்க. வீட்டுல சத்தமே இல்ல அண்ணி. முன்னெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டாரான்னு இருக்கும். இப்போ..." என்று நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மாடுகளையும் எடுக்க ஆட்கள் வந்தபோது மழை விட்டிருந்தது. காலை பத்து மணி. ஈரத்தரையிலிருந்து ஆவி எழுந்தது. வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட மூன்று பேரோடு டாக்டரம்மா வந்தார். ஊசிதான், கத்தி எதுவும் கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் வராது என்றார். பிறகு லாரியில் ஏற்றி எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மோழையும் கருங்காதும் சாதாரணமாக வந்தன. சீமாட்டி வரவில்லை. வெள்ளை உடைகளைக் கண்டு மிரண்டு, கயிற்றைப் பிடித்த ஆளைச் சுவரோடு சாய்த்தது. மேஸ்திரி பிடிக்கப் போனார், இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அப்போது வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கயிற்றை வாங்கினான்.

"தள்ளுங்க. அது ஆளைப் பார்த்துப் பயப்படுது."

டாக்டரம்மா ஒரு முகமூடியை அவனிடம் நீட்டினார்.

"இப்பவா டாக்டரம்மா?" என்றான் அவன்.

டாக்டரம்மா கையை மடக்கவில்லை. அவன் அதை வாங்கி மாட்டிக்கொண்டான். சீமாட்டியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, அதன் தலையைத் தன் தோளில் சாய்த்து, நடத்திக்கொண்டு போனான். ஊசி ஏறும் வரைக்கும் அப்படியே நின்றான். அது முன்னங்காலை மடக்கி இறங்கியபோது அவனும் கூடவே குனிந்தான்.

லாரி போனபின் தொழுவத்தைக் கழுவ ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று பேரும் சேர்ந்துதான் கழுவினார்கள். மேஸ்திரி வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், தம்பி தேய்த்தான், அவள் தள்ளினாள். மிச்சமிருந்த ஐந்து மாடுகளும் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

அவள் உருளைக்கிழங்கு வேகவைத்து, முட்டை பொரித்து, ரொட்டியை எடுத்து வைத்தாள். தம்பி மேசையில் உட்கார்ந்தான். எதிரே மேஸ்திரி உட்கார்ந்தார். அவள் கரண்டியோடு அடுப்படியில் நின்றாள்.

"மாமா" என்றான் தம்பி.

"ம்."

"அன்னிக்குத் தரகர் வண்டியில ஏத்தும்போது, அங்க நான் இருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா?"

"உன் அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனேப்பா. நான் யோசிக்கல..."

"அக்காகிட்டச் சொன்னது அக்காவுக்கு. நான் கேக்கறேன்."

"நிலைமை அப்படி இருந்துச்சு. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு..."

"அந்த இடுப்பை நாப்பது நாள் தூக்கினவன் நான். நிலைமை எனக்கும் தெரியும். அதைக் கேக்கல." அவன் குரல் உயரவில்லை. "இனிமே பத்து வருஷமோ இருபது வருஷமோ, கை நடுங்கினா அதுதானோன்னு பார்ப்பேன். சாவியை வெச்ச இடம் மறந்தா அதுதானோன்னு பார்ப்பேன். வருமான்னா தெரியாதுங்கறாங்க. எப்போன்னா தெரியாதுங்கறாங்க. ஒண்ணே ஒண்ணாவது எனக்குத் தெரியணும் மாமா. இது உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, சொல்லிட்டுச் சாப்பிடுவோம்."

மேஸ்திரி மேசையின் பலகையில் இல்லாத எதையோ நகத்தால் சுரண்டினார். வெளியே ஒரு மாடு கத்தியது. கிழங்கிலிருந்து ஆவி எழுவது நின்றுவிட்டது.

"வந்துச்சு" என்றார்.

தம்பி காத்திருந்தான்.

"கயித்தை அவிழ்க்கும்போதே வந்துச்சு. தரகர்கிட்டக் கேட்டேன், இன்னிக்கு ரம்பத்துல யாருன்னு. வேற யாராவதா இருந்தா நல்லதுன்னுதான் கேட்டேன். உங்க மச்சினன்தான், வேற யாருன்னார்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கேட்டுக்கிட்டுத்தான் ஏத்தினேன்."

அடுப்படியில் அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அன்று தொட்டியடியில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தையை அவள் இந்தப் பதினேழு நாளும் நம்பியிருந்தாள். பாலைக் குழியில் ஊற்றும்போதெல்லாம், பாவம் மனுஷன், யோசிக்காமல் செய்துவிட்டார் என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றான் தம்பி. ரொட்டியை எடுத்துப் பிய்த்தான்.

அவள் தம்பியின் தட்டில் முட்டையை வைத்தாள். இரண்டாவதைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு மேஸ்திரியின் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு அதை அவர் தட்டில் போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி முட்டையைத் தொடவில்லை. தம்பி மெதுவாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, உப்பு எங்கே என்று கேட்டான்.